கைரியா மாமிக்கு ரோடு வேண்டும்

கைரியா மாமியின் வட்டிலப்பம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது முகம் பார்க்கலாம் போல மினுங்கும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிக்குப் போய்ச் சேரும்போது அதற்கு வயதாகியிருக்கும். நடுவில் சுருக்கம், ஓரத்தில் வெடிப்பு, வெடிப்பிலிருந்து கசியும் கருப்பட்டித் தண்ணீர். தேங்காய்ப்பாலையும் முட்டையையும் கித்துல் கருப்பட்டியையும் அடித்துக் கலந்து ஆவியில் அவிக்கிற இனிப்பு அது. பன்விலவுக்கு மேலே எங்கள் முடக்குச் சந்தியிலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கும் பாதையைத் தாங்க அதற்கு எலும்பு கிடையாது.

வெளிநாடுகளில் சுற்றிவிட்டு வந்த எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை என்று உம்மா என்னை மாமியிடம் அனுப்பியிருந்தார். மாமி எனக்குக் கொடுத்த வேலை, ஹபீல் மாமாவின் ஓட்டோவில் பின்னால் உட்கார்ந்து வட்டிலப்பத் தட்டுகளை மடியில் பிடித்திருப்பது. பக்கத்தில் மாமி இன்னும் சில தட்டுகளோடு இருப்பார். வழி நெடுக அவர் வாய் ஓயாது.

"நுஸ்கிட வாப்பா, பள்ளம் வருது! இந்தா, பள்ளம் வந்திட்டு! உழுந்திட்டு!"

"பள்ளத்துக்கு வெளியால ரோட்டு எங்க ஈக்கி? காட்டுங்கோ, அதுல போறேன்" என்பார் மாமா, திரும்பிப் பார்க்காமலே.

நுஸ்கி அவர்களுடைய ஒரே மகன், கத்தாரில் இருக்கிறான். அவன் அனுப்புவது வீட்டுக் கடனுக்குப் போய்விடும். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மின்சாரத்துக்கும் வட்டிலப்பம்தான். அதை வாங்குகிறவர் அரூஸ், பாலத்தடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அன்றைக்கு அவர் தட்டை மூடியிருந்த துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். வைத்தியர் பார்த்துவிட்டு மூடுவது போல இருந்தது.

"ராத்தா, ருசியில ஒரு குறையும் இல்ல. ஆனா ஆக்கள் கண்ணால பார்த்துத்தானே வாங்கிற. இத கண்ணாடிக்குள்ள வெச்சா, யாரோ திண்ட மிச்சமெண்டு நினைக்கிறாங்க."

"ரோட்டு அப்படி, தம்பி."

"ரோட்ட நான் விக்கிறல்லயே. ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இப்படித்தான் வரும் எண்டா, அக்குறணையில ஒரு ஆள் தாரேன் எண்டு சொல்லீக்கிறா. கோவிக்க வாணாம்."

மாமி கோபிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஒரு பள்ளத்துக்குக்கூடக் கத்தவில்லை. அதுதான் மாமாவுக்குப் பயமாக இருந்தது.

மாமி பிறந்தது கம்பளையில். புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் அவருடைய வாப்பாவுக்குச் சட்டி பானைக் கடை. ரயில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் இன்னும் இறங்கவில்லை. கலியாணம் முடித்து மலைக்கு வந்த முதல் மாதம் பேச ஆளில்லாமல் கோழிகளோடு பேசிக்கொண்டிருந்தாராம். பிறகு கோழிகளோடு பேச நேரமில்லாமல் போயிற்று. சந்திக்கு மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள், நடுவில் எங்கள் ஆட்களின் வீடுகள், கீழே சிங்களக் கிராமம். மூன்று இடத்திலும் யாருக்கு எப்போது பிள்ளை பிறக்கும், யார் வீட்டில் எந்தச் சட்டி ஓட்டை என்பது மாமிக்குத் தெரியும். லயத்துக்குப் போனால் "வாங்க, போறோம்" என்று அவர்களுடைய தமிழ். கிராமத்துக்கு இறங்கினால் சிங்களம். மாமாவைத் திட்டும்போது மட்டும் எல்லாவற்றையும் கலப்பார்.

அப்படிப்பட்டவர் கூட்டுக் குழுவின் தலைவியானது அவருக்குத் தெரியாமல் நடந்தது.

போன வருஷக் கடைசி மழையில் மண்மேடு சரிந்து, ரோட்டில் பாதியை ஓடை கொண்டுபோயிற்று. அப்போது பாடசாலை மண்டபத்தில் எல்லோருக்கும் சேர்த்துச் சமைத்தார்கள். பள்ளிவாசல் ஜமாத்தார் சட்டிகளைக் கொடுத்தார்கள். கிராமத்து மரணாதாரச் சங்கம் கதிரைகளைக் கொடுத்தது. சாவு வீடுகளுக்குக் கூடாரம், கதிரை, தூக்க ஆட்கள் என்று உதவுகிற சங்கம் அது. தோட்டத்துக் கோயில் கமிட்டி ஒலிபெருக்கியைக் கொடுத்தது. சாவு வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, கந்தூரி விருந்துச் சட்டியில் வெந்த சோற்றை, திருவிழா ஒலிபெருக்கி கூப்பிடக் கூப்பிட வந்து சாப்பிட்டோம். இதைப் பார்த்த பிரதேச செயலகம், மூன்று சங்கமும் இப்படியே ஒரு கூட்டுக் குழுவாகச் சேர்ந்திருந்து ஊருக்கு என்ன தேவை என்று திட்டம் போடுங்கள், இந்த வருஷம் ஒரு வேலைக்கு ஒதுக்கீடு தருகிறோம் என்றது. யார் தலைவர் என்ற பேச்சு வந்தது. "நீங்க இருங்க", "ஐயோ, நீங்க இருங்க" என்று மூன்று சங்கமும் மாறி மாறித் தள்ளிவிட்டன. மாமி அந்த நேரம் பின்னால் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். அங்கே இல்லாதவர் மறுக்க முடியாதே.

எங்கள் சந்தியில் ஒரு மரியாதை உண்டு. தனக்கு வேண்டியதைத் தானே கேட்கக் கூடாது. விருந்தில் "எனக்குப் போதும், அவருக்கு வைங்க" என்று சொல்ல வேண்டும். அவர் "இவருக்கு வைங்க" என்பார். இப்படியே இறைச்சி இருவர் தட்டிலும் வந்து சேர்ந்துவிடும். சாப்பாட்டில் இந்த முறை பிசகியதில்லை.

ஆனால் திலீபன் யாழ்ப்பாணத்துக்காரர். பிரதேச செயலகத்திலிருந்து வந்த அந்த இளம் உத்தியோகத்தருக்கு இது தெரியாது. மண்டபத்துச் சுவரில் பெரிய படங்களை ஒட்டினார். ரோடு, தண்ணீர்த் தாங்கி, விளையாட்டுத் திடல், தெருவிளக்கு, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவம். ஆளுக்கொரு பிடி புளியங்கொட்டை கொடுத்தார்.

"உங்களுக்கு எது கட்டாயம் வேணுமோ, அதுக்குக் கீழ போடுங்கோ. கூச்சப்பட வேண்டாம். முதல்ல தலைவி வாங்கோ."

மாமி எழுந்து போனார். ரோட்டுப் படத்துக்கு முன்னால் நின்றார். கை நீண்டது. பின்னால் மூன்று சங்கமும் பார்த்துக்கொண்டிருந்தன. நீண்ட கை அப்படியே வலப்பக்கம் நகர்ந்து, பிள்ளை மடுவத்தின் கீழே அவ்வளவு கொட்டைகளையும் போட்டது. தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு அப்போதுதான் புதுக் கூரை போட்டிருந்தார்கள். பெயின்ட் மணம்கூடப் போகவில்லை.

அடுத்து கோயில் கமிட்டித் தலைவர் கறுப்பையா வந்தார். மாமியின் மரியாதையைப் பார்த்து நெகிழ்ந்துபோய், பள்ளிவாசலுக்குப் போகும் ஒழுங்கைக்கு விளக்கு வேண்டும் என்று தெருவிளக்கின் கீழே போட்டார். லயத்து ஆட்கள் எல்லோரும் அவர் பின்னாலேயே போட்டார்கள். எங்கள் ஆட்கள் கிராமத்துக்காக விளையாட்டுத் திடலில் போட்டார்கள். கிராமத்து ஆட்கள் கொஞ்சம் யோசித்து, பாதியை விளக்குக்கும் பாதியை மடுவத்துக்கும் போட்டார்கள். ரோட்டுப் படத்தின் கீழே ஒரு எறும்பு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"ரோட்டுக்கு ஒண்டுகூட இல்லையே?" திலீபன் தலையைச் சொறிந்தார். "நான் வரேக்க என்ர சைக்கிள் ரெண்டு தரம் விழுந்தது."

"அது பழகிரும்ங்க சார்" என்றார் கறுப்பையா.

தெருவிளக்கு வென்றது. அடுத்த கூட்டத்தில் எல்லோரும் சரி என்றால் திட்டத்தை மேலே அனுப்புவதாகத் திலீபன் சொன்னார். கறுப்பையா மாமியிடம் வந்து நின்றார். "விடியக் காலையில உங்க ஆளுங்க தொழுகைக்கு இருட்டுல போறாங்கல்ல, கைரியாம்மா. இனிமே பகல் மாதிரி இருக்கும்."

பள்ளிவாசல் ஒழுங்கையில் ஏற்கெனவே மூன்று விளக்குகள் உண்டு. ஒன்றில் பல்ப் போயிருந்தது. வாங்கிப் போட நிர்வாகசபைக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு வீட்டில் முட்டை உடைத்த விதத்திலேயே மாமியின் மனநிலை தெரிந்தது.

"வாணாமெண்டு சொல்லுங்கோவே" என்றார் மாமா.

"எப்படிச் சொல்ற? மனுஷன் அவர்ட கொட்டையெல்லாம் எங்களுக்குப் போட்டீக்கிறார்! முகத்துல அடிச்ச மாதிரி போகாதா?"

"அப்ப ரோட்டு வேணுமெண்டு வேற யாரையாவது கேக்கச் சொல்லுங்கோ."

மாமி முட்டையைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தார். அதுதான் முறை. தனக்காக இன்னொருவர் கேட்க வேண்டும்.

மறுநாள் ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தோடு லயத்துக்குப் போனோம். கறுப்பையாவின் மனைவி மூக்காயி கீழே மலை ஊற்றுப் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டு அப்போதுதான் மேலே ஏறி வந்தார். குடத்தை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னுமில்ல, ஒக்காருங்க" என்றார். மாமி சுற்றி வளைத்து ஆரம்பித்தார்.

"ரோடு கொஞ்சம் மோசமா இருக்குல்லண்ணே?"

"மோசம்ங்க, ரொம்ப மோசம்."

"நடக்கவே பயமா இருக்கு."

"அதாங்க நானும் சொல்றேன்" கறுப்பையாவின் முகம் மலர்ந்தது. "இருட்டுல விழுந்துருவீங்க. லைட்ட ஒழுங்கையோட நிப்பாட்ட வேணாம், சந்தி வரைக்கும் போடச் சொல்லிருவோம்!"

மாமி தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார். போய் வந்ததில் விளக்குகள்தான் கூடியிருந்தன.

கீழே மரணாதாரச் சங்கத் தலைவர் திக்கிரிபண்டா, போஞ்சிக்காய் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பெரிய ரோட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். லொறி மேலே வராததால் அவருடைய போஞ்சி முழுவதும் அப்படித்தான் போகிறது. மாமி அவரிடமும் ரோட்டைப் பற்றி மெல்ல இழுத்தார். திக்கிரிபண்டா மூட்டையை இறக்காமலே, தனக்குத் தெரிந்த தமிழில், தங்கச்சி என்பதற்கு மட்டும் சிங்களத்தில் 'நங்கி' போட்டுச் சொன்னார்:

"எனக்குத் தெரியும் நங்கி. ரோடு செஞ்சா லொறி வரும். லொறி வந்தா உங்க வீட்டுக்குள்ள தூசி. அதான் நம்ம ஆள் ஒருத்தரையும் ரோட்டுக்குப் போட வாணாம்னு சொன்னேன். நங்கிக்குக் கரச்சல் வாணாமே!"

திரும்பி ஏறும்போது மாமி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தலை முக்காட்டால் வாயைப் பொத்தியிருந்தார்.

"புள்ள, இந்த ஊர்ல எல்லாருக்கும் ரோட்டு வேணும். ஒருத்தருக்கொருத்தர் மரியாதைப்பட்டே ரோட்ட இல்லாமலாக்கீட்டாங்க."

"நீங்களே கேளுங்களேன், மாமி."

"வெக்கம்" என்றார் மாமி. மாமாவை நடுச்சந்தியில் வைத்துத் திட்டுகிற மாமிக்கு வெட்கம் என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் திலீபன் விளக்குகளின் படத்தை மட்டும் சுவரில் ஒட்டியிருந்தார். "எல்லாருக்கும் சரிதானே?" என்றார். எல்லாத் தலைகளும் ஆடின. கறுப்பையாவின் தலை கொஞ்சம் அதிகமாகவே ஆடியது. "தலைவி சொல்லுங்கோ" என்றார் திலீபன்.

மாமி எழுந்தார். கம்பளை ரயிலுக்கு மேலே கேட்ட அந்தக் குரல் அன்றைக்கு முதலில் வரவே இல்லை.

"எனக்கு லைட்டு வேணாம். எனக்கு ரோட்டு வேணும்."

தலைவி தனக்கென்று கேட்டுவிட்டார். அதுவும் வாயைத் திறந்து, எல்லோர் முன்னாலும்.

"ஊருக்காக இல்ல. ஊர்ப் பேரச் சொல்லிக் கேட்டா பொய்யாப் போகும். எனக்காகத்தான் கேக்கிறேன். என்ட வட்டிலப்பம் இந்த ரோட்டுல வெடிச்சுப் போகுது. பெருநாளோட கடைக்காரர் நிப்பாட்டப் போறார். அது நிண்டா என்ட அடுப்பும் நிண்டிடும். வெக்கமில்லாமக் கேக்கிறேன், ரோட்டு வேணும்."

கறுப்பையாவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப எங்க லைட்டு வேணாமா, கைரியாம்மா?"

"வேணாம்ண்ணே. லைட்டு போட்டா அந்தப் பள்ளமெல்லாம் இன்னும் நல்லாத் தெரியும், அவ்வளவுதான்."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். கறுப்பையா சிரிக்கவில்லை. அப்போது அவர் மனைவி மூக்காயி எழுந்தார்.

"சார், அப்ப வெக்கமில்லாம நானும் கேக்கலாமா?"

"கேளுங்கோ, கேளுங்கோ" என்றார் திலீபன் ஆவலாக.

"எனக்குத் தண்ணி வேணும். பீலிக்கு எறங்கி ஏறி எறங்கி ஏறி இடுப்பு என்னோடது இல்ல. இவரு என்னடான்னா ஊருக்கெல்லாம் லைட்டு போடுறாரு. கொடத்த ஒரு நாளு நீங்க தூக்குங்க, அப்பத் தெரியும்!"

"ஏய், ஒக்காரு" என்றார் கறுப்பையா.

"ஒக்கார முடியலன்னுதானே சொல்றேன்!"

அதற்குப் பிறகு ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. திக்கிரிபண்டா எழுந்து தன் தோளைத் திறந்து காட்டி, போஞ்சி மூட்டையின் தழும்பு இது என்றார். இந்தக் குலுக்கலில் கிளினிக்குக்குப் போனால் பிள்ளை வழியிலேயே பிறந்துவிடும் என்றார் ஒரு பெண். விளையாட்டுத் திடல் வேண்டும் என்று யார் சொன்னது, எங்கள் பிள்ளைகள் எல்லாம் போனில்தானே விளையாடுகிறார்கள் என்று கிராமத்திலிருந்து ஒருவர் கேட்டார். நான் எத்தனையோ ஊர்களில் சந்தைச் சத்தம் கேட்டிருக்கிறேன். எதுவும் இதற்குக் கிட்ட வராது.

திலீபன் எல்லாப் படங்களையும் மறுபடி ஒட்டினார். இந்தத் தடவை கொட்டை போடும் இடத்துக்கு முன்னால் மறைப்பாக ஒரு படங்குத் துணியைத் தொங்கவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே போகச் சொன்னார். படங்கைத் தூக்கியபோது ரோடும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே குவியலாக இருந்தன. எண்ணிப் பார்த்தார். ரோடு கொஞ்சத்தால் வென்றது. தெருவிளக்கின் கீழே ஒரே ஒரு கொட்டை. அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

"அப்ப என் தண்ணி?" என்றார் மூக்காயி, விடாமல்.

"அடுத்த வருஷம் முதல் வேலை அது, அம்மா."

"அடுத்த வருஷம் ரோட்டத் தோண்டிக் கொழா போடுவீங்களா? இப்ப போடுற கொங்கிரீட்ட ஒடைச்சா?"

கடைசியில், கொங்கிரீட் போடுவதற்கு முன்பே குறுக்கே வெறும் குழாயைப் புதைத்து வைப்பது, அடுத்த வருஷம் அதற்குள்ளால் தண்ணீர்க் குழாயைச் செலுத்துவது என்று முடிவானது. மாமி பக்கத்தில் போய் மூக்காயியின் கையைப் பிடித்துக்கொண்டார். கறுப்பையா மட்டும் மாமியோடு பேசாமல் போனார்.

வேலையைக் கூட்டுக் குழுவே செய்தது. ஒதுக்கீடு வந்ததும் மூன்று இடத்து ஆட்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். முதல் ஆளாக வந்தவர் கறுப்பையா. வந்தார், வேலை செய்தார், மாமியோடு பேசவில்லை. மாமி கொண்டுபோன தேநீரை வாங்கும்போதும் கோப்பையைப் பார்த்தே வாங்கினார்.

மோசமான துண்டு முழுவதற்கும் கொங்கிரீட் போட்டு முடிந்த அன்று, ஈரச் சாக்குகளை மேலே விரித்துக்கொண்டே திலீபன் எல்லோரையும் எச்சரித்தார். இறுகும் வரைக்கும் வாகனம் ஒன்றும் ஏறக் கூடாது. மனிதர்களும் ஓரமாகத் தேயிலைக்குள்ளால்தான் போக வேண்டும்.

"இறுகிறதுக்கு எவ்வளவு நாள் போகும், சேர்?" என்றார் மாமி சந்தோஷமாக.

திலீபன் சொன்னார். மாமியின் சிரிப்பு அப்படியே நின்றது. பெருநாளோ நாளை மறுநாள். ரோடு கிடைத்த சந்தோஷத்தில், ரோடு போடும்போது ரோட்டில் போக முடியாது என்பதை மாமி மறந்துவிட்டார். அரூஸுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. கருப்பட்டி வாங்கியாயிற்று. மாமா தன் ஓட்டோவைக் கீழே பெரிய ரோட்டில் நிறுத்தியிருந்தார். ஆனால் அங்கே வரைக்கும் தட்டுகள் போக வேண்டுமே. தேயிலைக்குள்ளால் போகிற அந்தக் குறுக்குப் பாதையில் வெறுங்கையோடு போகிறவர்களே சறுக்குவார்கள்.

இந்தத் தடவை மாமி கல்லில் உட்காரவில்லை. சாக்கு விரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் போய் நின்றார்.

"எனக்குத் தூக்க ஆள் வேணும். நாளைக்குக் காலையில. வட்டிலப்பம் குலுங்கக் கூடாது."

திக்கிரிபண்டா நிமிர்ந்தார். "தூக்குறதா? நங்கி, அது நம்ம சங்கத்து வேலைதானே. நாங்க தூக்கினா குலுங்காது. இவ்வளவு காலத்துக்கு நாங்க தூக்கின ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்ல."

மறுநாள் காலை அவர் தன் ஆட்களோடு வந்தார். கொங்கிரீட்டுக்கு ஓரம் அடைக்க வைத்திருந்த நீளப் பலகைகளைக் கழுவித் துடைத்து, தட்டுகளை வரிசையாக வைத்து, வெள்ளைத் துணியால் மூடினோம். ஒரு பலகைக்கு நாலு தோள். முதல் பலகைக்கு ஒரு தோள் குறைந்தது. கறுப்பையா தேயிலைக்குள்ளிருந்து வெளியே வந்து அந்த மூலைக்குத் தோள் கொடுத்தார்.

திக்கிரிபண்டா மெல்லிய குரலில் அடி சொல்லச் சொல்ல, எல்லாக் கால்களும் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கின. மாமி பின்னால் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். பள்ளம் வந்தபோது கத்த வாயைத் திறந்து, அந்த அமைதியைப் பார்த்து மூடிக்கொண்டார். எதிரே கொழுந்து எடுக்க வந்த பெண்கள், வெள்ளைத் துணி மூடிய பலகைகளையும் திக்கிரிபண்டாவின் முகத்தையும் கண்டு, கூடைகளை இறக்கி ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் கும்பிட்டார்.

"யாருங்கண்ணே?"

"வட்டிலப்பம்" என்றார் கறுப்பையா, அதே துக்கக் குரலில்.

மாமிக்குச் சிரிப்பு வெடித்தது. பலகையைப் பிடித்திருந்த ஆட்களுக்கும் தொற்றப் பார்த்தது. "சிரிக்க வேணாம்! குலுங்கும்!" என்று திக்கிரிபண்டா அதட்டினார். கறுப்பையா உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தார். ஆனால் திரும்பி மாமியைப் பார்த்தார். அவ்வளவு நாளுக்குப் பிறகு முதல் பார்வை.

கீழே மாமாவின் ஓட்டோவிலும் திக்கிரிபண்டாவின் தம்பி கொண்டுவந்த வேனிலும் தட்டுகள் ஏறின. தூக்கியவர்களும், இவ்வளவு தூரம் கொண்டுவந்ததை வழியில் விட மனமில்லாமல், வேனில் ஏறிக்கொண்டார்கள்.

கட்டுகஸ்தோட்டையில் பெருநாள் கூட்டம். அரூஸ் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து முதல் தட்டின் துணியைத் தூக்கினார். குனிந்தார். தட்டைச் சுற்றி நடந்தார். இரண்டாவதைத் திறந்தார், மூன்றாவதைத் திறந்தார். வெடிப்புத் தேடிய கண்களுக்கு அவருடைய சொந்த முகம்தான் தெரிந்தது.

"மாஷா அல்லாஹ். ராத்தா, இது எப்படி?"

மாமி பின்னால் நின்ற ஆட்களைக் காட்டினார். சேற்றுக் காலோடு எல்லோரும் கடை வாசலில் வரிசையாக நின்றார்கள்.

"அக்குறணை ஆளுக்கு வாணாமெண்டு சொல்லிடுறேன்" என்றார் அரூஸ். "இனி ஒவ்வொரு கிழமையும் இதே மாதிரி வரும்தானே?"

மாமி கறுப்பையாவைப் பார்த்தார். கறுப்பையா தோளை நீவிக்கொண்டு நின்றார். ஊரில் யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்ங்க" என்கிற மனிதர் அவர்.

"வராதுங்க" என்றார் கறுப்பையா, சத்தமாக. "எனக்குத் தோளு வலிக்குது. ரோடு காயுற வரைக்கும் பொறுங்க."

அரூஸ் மாமியைப் பார்த்தார். மாமி அப்படித்தான் என்று தலையாட்டினார். "சரி, பொறுக்கிறேன்" என்றார் அரூஸ்.